ரேடியேட்டரில் ஊற்றிய தீர்த்தம்

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பது வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் இழந்த வாடிக்கையாளர்கள் பலர். ஒருவரை இழக்காமல் தப்பிய கதையை, தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை பகல். பானட்டிலிருந்து ஆவி கிளம்ப, பழைய கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஸ்டெல்லா அக்கா, ஓய்வு பெற்ற ஆசிரியை. பக்கத்தில் அவர் கணவர் அந்தோணி அண்ணன், முழங்கைப் பக்கம் பிளாஸ்திரியோடு. வாரம் மூன்று நாள் நிபோங் திபாலிலிருந்து பாலம் கடந்து எங்கள் தீவுக்கு டயாலிசிஸ் செய்ய வருகிறவர்கள். அன்று சிகிச்சை முடிந்து திரும்பும்போது கார் கொதித்துவிட்டது.

அக்கா துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

"கைய எடுங்கக்கா! மூஞ்சி வெந்துரும்!"

ஒரு மணி நேரம் ஆறவிட்டு நானே திறந்தேன். கூலண்ட் பேருக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் தே தாரிக் டீ நிறத்தில் துருத் தண்ணீர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரு இதுல பைப் தண்ணிய ஊத்தி ஊத்தி வச்சது? இன்ஜின கொல்லணும்னே ஊத்துன மாதிரி இருக்கு!"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "பைப் தண்ணி இல்ல பாய். மாதா கோயில் தீர்த்தம். இவருக்கு முடியாம போனதுலேருந்து மாசம் ஒரு போத்தல் ஊத்துறேன். வழியில நின்னுறக் கூடாதுன்னுதான்."

அண்ணன்தான் காரைத் தட்டிச் சிரித்தார். "வுடுங்க பாய். இந்தக் காடியும் நானும் ஒண்ணு. இது நின்னா நானும் நிறுத்திக்கிறேன். போதும்லா."

நான் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். அக்கா என்னைத் தனியாக அழைத்தார். "ரெண்டு வாரமா இதையேதான் சொல்றாரு. டயாலிசிஸுக்கு வேற காடிய கூப்பிட்டா ஏற மாட்டேங்குறாரு. புதன்கிழம இது ஓடலன்னா டயாலிசிஸ விட்டுருவாரு பாய்."

கீழே தட்டு வைத்து டிரெயின் பிளக்கைத் திருகினேன்.

"லொங்காங்ல ஊத்திறாதீங்க பாய். தீர்த்தம் சாக்கடையில போகக் கூடாது."

"கூலண்டும் போகக் கூடாதுக்கா. பூனை குடிச்சா செத்துரும்."

அக்கா முதன்முறையாகச் சிரித்தார். எல்லாவற்றையும் கழிவு டிரம்மில் பத்திரமாக ஊற்றினேன். பிறகு பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் இருவரையும் கொண்டுபோய் விட்டார். டயாலிசிஸுக்கு இல்லை, வீட்டுக்குத்தான் என்று சொன்ன பிறகே அண்ணன் ஏறினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பழைய ரேடியேட்டரில் துருவைக் கழுவும் காரமான ஃபிளஷ் மருந்தைக் கொட்டாதீர்கள். துருவே பல ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும். மருந்து அதைப் பெயர்த்துவிட்டால் மொத்தமும் ஒழுகும். ஒரு தடவை நான் அப்படிச் செய்து நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். வெறும் தண்ணீர் ஊற்றி, சூடேறி தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து, இறக்கினேன். மறுபடியும் அதையே. செவ்வாய் மாலை, ஏழாவது தடவையில்தான் தண்ணீர் தெளிந்தது. கடைசியாக டிஸ்டில்ட் வாட்டரால் அலசினேன். கசிந்துகொண்டிருந்த கீழ் ஹோஸை மாற்றினேன். பச்சைக் கூலண்டை ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினேன்.

புதன் விடியற்காலை நானே காரை நிபோங் திபாலுக்கு ஓட்டிப் போனேன். கண் பாதி ரோட்டில், பாதி வெப்பமுள்ளில். முள் நடுவில் அசையாமல் நின்றது.

அண்ணன் கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும் எண்ணமே இல்லை. நான் பானட்டைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். ரிசர்வ் டேங்க்கில் பச்சை பளிச்சென்று தெரிந்தது. குனிந்து பார்த்தார்.

"எனக்கு வாரம் மூணு தடவ பண்றாங்க. இதுக்கு எப்ப?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவண்ணே. ஆனா தவறக் கூடாது."

அவர் ரிசர்வ் டேங்க்கைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

அக்கா தீர்த்தப் போத்தலோடு தயங்கி நின்றார். நான் வைப்பர் தண்ணீர் டப்பாவைத் திறந்து காட்டினேன். "இனி இதுல ஊத்துங்கக்கா." அக்கா ஊற்றினார். அண்ணன் காரில் உட்கார்ந்ததும் கைநீட்டி வைப்பர் சுவிட்சை அழுத்திப் பார்த்தார். கண்ணாடி முழுக்கத் தீர்த்தம் தெளித்தது. "சாமியார் தெளிக்கிற மாதிரியே இருக்கு பாய்!" என்றார் அக்கா.

அன்றிலிருந்து, திட்டுவதற்கு முன்னால் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கப் பழகிக்கொண்டேன். எல்லா நாளும் முடிவதில்லை. முயற்சி செய்கிறேன்.

போன மாதம் அதே கார் வாசலில் வந்து நின்றது. ஆவி இல்லை. அந்தோணி அண்ணன்தான் முதலில் இறங்கினார், இளைத்துத்தான் இருந்தார், ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

"ரெண்டு வருஷம் ஆயிருச்சு பாய். இதுக்கு டயாலிசிஸ் நாளு."

மூடியைத் திறந்தேன். கூலண்ட் இன்னும் சுத்தப் பச்சையாகவே இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்ணே," என்றேன்.

"அதெல்லாம் இல்ல. மாத்துங்க. தவறக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"