மோட்டார் ரூமிலிருந்து மாமரம் வரை

சரக்கு ஆட்டோவிலிருந்து அந்த இரும்புக் கம்பிச் சுருளை என் மாமனார் தன் தோளிலேயே சுமந்து இறக்கினார். வெள்ளை வேட்டியில் கிரீஸ் அப்பியதைக் கூட அவர் பார்க்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்கு வெளியே இருந்த அவருடைய தென்னந்தோப்பில் என் மகளும் மகனும் ஆட்டோவைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள். அது எதற்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய விடுமுறையில் மூணாறுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் விளையாட்டு ஒன்று இருந்தது. என் பிள்ளைகளின் எடை போதாது என்று சொல்லி நுழைவாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் வழி நெடுக அழுதார்கள். பேரப்பிள்ளைகள் அழுதால் தாங்காத மனிதர், கூட வந்திருந்த மாமனார். ஜீப்பில் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “அழுவாதீங்க சாமி, நம்ம தோட்டத்துலயே ஒண்ணு போட்டுர்லாம்” என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. அங்கே நான் கையை உயர்த்தினால் கிரேன் அந்தரத்தில் நிற்கும். தலைக்கவசம் இல்லாதவரை, மேலாளராகவே இருந்தாலும், வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். மாமனார் வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடாது. அங்கே நான் மாப்பிள்ளை. இலையில் முதல் பரிமாறல் எனக்குத்தான். என் கருத்தை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

தோப்பின் மேட்டில் இருந்த மோட்டார் ரூம் கூரையில் தொடங்கி, வாழைகளுக்கு மேலாகப் போய், பள்ளத்தில் இருக்கும் மாமரத்தில் முடிவது அவருடைய திட்டம். சரிவு அதிகம் என்றேன். சரிவு இருந்தால்தானே ஓடும் என்றார். போகிற பிள்ளை எப்படி நிற்கும் என்று கேட்டேன்.

“அதான் மாமரம் இருக்குதுங்களே மாப்ள. அதுல போய் நின்னுக்கும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான் அவர் கணக்கு. கம்பியின் நுனியை மடித்துப் பிடிக்கும் கிளாம்புகளை அவர் கைக்கு வந்தபடி மாட்டியிருந்தார். எந்தப் பக்கம் நட்டு வர வேண்டும் என்பதற்கு முறை உண்டு, மாற்றிப் போட்டால் பாரம் ஏறும்போது வழுக்கும் என்று விளக்கினேன். “எப்படிப் போட்டா என்னுங்க, முறுக்குனாப் புடிச்சுக்கும்” என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிச் சரியாக மாட்டினேன். வந்து பார்த்து, “மாப்ளைக்கு எதுக்கெடுத்தாலும் பேடிதானுங்க” என்று சிரித்தார். மலையாளத்துப் பேடியைச் சொல்லும்போது அவர் வாயில் பயம் என்பது ஏதோ தோல் வியாதி போல ஒலிக்கும்.

கடைசியில் ஒரு சோதனைக்கு மட்டும் சம்மதிக்க வைத்தேன். என் மகனைவிடக் கனமாக ஒரு சாக்கில் மணலை நிரப்பி, கப்பியில் கட்டித் தள்ளிவிட்டோம். சாக்கு வாழைகளின் மேல் சீறிக்கொண்டு போய் மாமரத்தில் மோதியது. தையல் பிரிந்து மணல் முழுவதும் கொட்டியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொல்லிப் புரியாததை மரமாவது சொல்லிவிட்டதே என்று நினைத்தேன். மாமனார் மெதுவாக நடந்து போய்க் கிழிந்த சாக்கைப் புரட்டிப் பார்த்தார்.

“சாக்குக்குக் காலு இல்லீங்களே மாப்ள. ஆளுன்னா காலை நீட்டி மரத்தை ஒதைச்சு நின்னுக்கும்.”

என் மனைவியிடம் போய்ச் சொன்னேன். “வயசான மனுசன் ஆசையாச் செய்யறாருங்க. அவருகிட்ட நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?” என்றாள். அன்று மாலை யாருக்கும் தெரியாமல் கப்பியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு கஞ்சிக்கோட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பிள்ளைகளும் அவளும் விடுமுறைக்காக அங்கேயே இருந்தார்கள். மறுநாளே அவர் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் புதுக் கப்பி வாங்கி வந்துவிட்டார்.

அந்த வாரமே தொலைபேசி வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, உயரத்தில் வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். “அப்பா கம்பியில போயி மரத்துல மோதிட்டாருங்க” என்றாள் மனைவி. பாதி வாக்கியத்தில் வகுப்பை விட்டுவிட்டு ஓடினேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லையே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றுமில்லை. போனவர் அவர் மட்டும்தான்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. காலை நீட்டி உதைத்து நிற்கத்தான் பார்த்திருக்கிறார். கால் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியில் முகம் வெளுத்துக் கிடந்தவர், என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இது: “கம்பி அறுகலீங்க மாப்ள. பாத்தீங்களா?”

பார்க்க வந்த உறவினர்கள் அவரிடம் நலம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். “மாப்ள மொதல்ல இருந்தே ஆவாது ஆவாதுன்னு சொல்லிட்டே இருந்தாருங்களாம்” என்றார் ஒரு பெரியவர். நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நான் சொன்னதால்தான் இப்படி ஆகிவிட்டது என்பது அதற்குப் பொருள். அறையில் இருந்த யாரும் மறுக்கவில்லை.

வீடு திரும்பியதும் அவரே கேட்டார். “உங்க மொறப்படி நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்க. புள்ளைங்க ஏமாந்து போச்சுங்க.” போட்டேன். கம்பி தாழ்வாக, சரிவு லேசாக, மரப்பட்டை அறுபடாமல் சுற்றிலும் மரச்சட்டம், முடிவுக்கு முன்னால் தடுத்து நிறுத்தப் பழைய டயர், கீழே நெடுக மெத்தை போலத் தென்னை நார்த்தூள், தலைக்குக் கவசம். என் தொழிலில் கற்ற எதையும் விடவில்லை. பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு முறை போனார்கள். “அப்பா, இதுக்கு நடந்தே போயிர்லாம்” என்றாள் மகள். அடுத்த விடுமுறையில் அதை யாரும் தொடவே இல்லை. மாமனார் ஊன்றுகோலுடன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “ரொம்பப் பத்தரமா இருக்குதுங்க மாப்ள” என்றார். அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பல வருடங்கள் அவர் சற்றே சாய்ந்து நடந்தபடி தோப்பைப் பார்த்துக்கொண்டார். இப்போது அவர் இல்லை. மகள் கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். சென்ற மாதம் அவள் தோழிகள் தோப்புக்கு வந்திருந்தபோது, மோட்டார் ரூம் கூரையைக் காட்டி அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடைய அப்புச்சி வாழைகளுக்கு மேல் பறந்த கதை. சொல்லச் சொல்ல அவள் கண் மின்னியது. தாழ்வாகத் தொங்கிய கம்பியைப் பார்த்து ஒரு பெண் அது என்ன என்று கேட்டாள். “அது எங்கப்பா போட்டது” என்று சொல்லிவிட்டு மகள் கதைக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறிந்த எலும்பை யார் சொல்வது? தோழிகள் போனபின் அவளிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டேன், அவர் மரத்தில் மோதாமல் இருந்திருந்தால் அடுத்து யார் போயிருப்பார்கள் என்று.

“அடுத்து இல்லப்பா, மொதல்லயே நான்தான். ஏணில பாதி ஏறிட்டேன். அப்புச்சிதான் எறங்கச் சொன்னாரு. ‘உங்கப்பா சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குது கண்ணு. சித்தெ இரு, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்’னாரு.”

அத்தனை நாள் அந்த வீட்டில் நான் கத்தியதில் ஒரு சொல் அவர் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இலை போட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருமுறையாவது அதை என்னிடம் சொல்லியிருக்கலாம், அந்த மனிதர்.