றெக்ஸ் வாசித்த மன்றாட்டு

றெக்ஸுக்கு நல்ல குரல். கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் பாண் சுடும் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தையும் மீறிப் பாடுவான். பக்கத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் நடக்கும் தமிழ்ப் பூசையில், சனத்தின் வேண்டுதல்களான மன்றாட்டை வாசிப்பது அவன் வேலை. வேறு யாரும் வாசித்தால் சனத்துக்குப் பிடிக்காது.

இலங்கையில், மன்னாரில் அவனையும் தம்பி யோசெப்பையும் பொலிஸ் ஒரே நாளில் பிடித்தது. வழக்கே போடாமல் வருடக்கணக்கில் அடைத்து வைக்கச் சட்டத்தில் இடமிருந்தது. றெக்ஸ் எப்படியோ தப்பி மொன்றியல் வந்து அகதி விண்ணப்பம் போட்டான். யோசெப் இன்னும் உள்ளே.

பிறகு ஐரோப்பா வாய் திறந்தது. பொலிஸ் சட்டத்தை எங்கள் தரத்துக்குத் திருத்தாவிட்டால் இலங்கையில் தைக்கும் சட்டைகளுக்கு வரிச்சலுகை கிடையாது என்றது. அடைபட்டவர்களின் தாய்மார் வருடக்கணக்காகத் தெருவில் கிடந்து கத்தியது கேட்காத அரசாங்கக் காதுகளுக்கு, தைத்த சட்டை விலைபோகாது என்றது மட்டும் உடனே கேட்டது! ஐரோப்பியக் குழு சாட்சி தேடியபோது றெக்ஸ் கமராவுக்கு முன் சட்டையைக் கழற்றி முதுகில் பொலிஸ் அடித்த தழும்புகளைக் காட்டினான். தம்பிக்காகத்தான். புதிய சட்டத்தின் வரைபும் வந்தது.

சந்தோசப்பட்டு முடியவில்லை, சட்டத்தரணி சஜிதா கூப்பிட்டாள்.

"அண்ணை, உங்கட அகதி விண்ணப்பத்தில குடிவரவுக்காரர் முடிவு எடுக்காமல் பார்த்துக்கொண்டு இருக்கினம். அந்தச் சட்டம் நிறைவேறினால், இனி அங்க பயமில்லை எண்டு உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

"சட்டம் மாறும் பிள்ளை. எனக்கு அடிச்சவன் அதே ஸ்டேசனிலதானே இருக்கிறான்?"



 அன்றிரவு றெக்ஸ், சட்டம் பிந்தட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். தம்பியின் முகம் வந்து நின்றது. சீ, நானும் ஒரு மனிசனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டி முடிந்த பின்னும் பயம் போகவில்லை.

மன்னாரிலிருந்து தங்கச்சி எலிசா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணை, சட்டம் வந்தால் யோசெப்பை விடுவினமாம்! ஞாயிறு பூசையில மன்றாட்டு வைக்கச் சொல்லி உங்கட கோயில் ஃபாதரிட்டையும் கேட்டிட்டன். நீங்களே வாசியுங்கோ."

தன் நிலையைச் சொல்ல வாயெடுத்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள், சந்தோசத்தில். சொல்ல வந்ததை மென்று விழுங்கினான்.

"ஓம் எலிசா, வாசிக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. றெக்ஸ் ஒலிவாங்கிக்கு முன் வந்தான்.

"எங்கள் நாட்டில் புதிய பொலிஸ் சட்டம் விரைவில் நிறைவேறவும், சிறையிலிருக்கும் யோசெப் விடுதலை பெறவும்..."

'விரைவில்' என்ற இடத்திலேயே குரல் உடைந்துவிட்டது. மீதியை ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தான்.

தம்பி மேல் எவ்வளவு பாசம் என்று முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவனுக்காகவே, வழக்கத்தைவிட உரக்க, கோயில் முழுவதும் ஒரே குரலில் சொன்னது:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."