தெற்கு பார்த்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் வீட்டைக் கூட்டித் துடைப்பது கோகிலவாணியின் வேலை. குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, துருப்பிடிக்காமல் தண்ணீரை ஓடவிடுவது அவள் கணவர் சந்திரசேகருடையது. அந்த வீட்டில் இதுவரை யாரும் குடியிருந்ததில்லை. மகள் அறிவுச்செல்வி கொரியாவில் படிப்பை முடித்துவிட்டு வந்தால் இருக்கட்டும் என்று கட்டியது. படிப்பு முடிந்தது. அங்கேயே ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை கிடைத்தது. கூடப் படித்த ஜீவாவோடு கல்யாணமும் ஆகி, இப்போது பேரன் அந்த ஊர்ப் பால்வாடிக்குப் போகிறான். திருச்செங்கோட்டில் வாடகைக்கு வீடு தேடும் கல்லூரி வாத்தியார்கள் அவ்வப்போது வந்து கேட்பார்கள். "பொண்ணு வருதுங்க" என்று சந்திரசேகர் அனுப்பிவிடுவார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளின் கம்ப்ரசரைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரர் அவர். ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லை.

அவர் கீழே இறங்கிப் போன பிறகுதான் செல்வியின் அழைப்பு வந்தது. கொரியாவில், தேஜோன் நகரத்தில் அவர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் தளத்தை வீட்டுக்காரம்மா விற்கப்போகிறாராம். முழங்கால் வலியால் படியேற முடியவில்லை. மகன் லிஃப்ட் வைத்த உயரமான கட்டடத்துக்குக் கூட்டிப் போகிறான். வெளியாளுக்குச் சொல்வதற்கு முன்னால் இவர்களைக் கேட்டிருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களும் வாங்கலாம், தளத்துக்குத் தனிப் பத்திரம் உண்டு, பேங்க் கடன் கிடைக்கும் என்று ஜீவா விசாரித்துவிட்டான்.

"உங்க ரெண்டு பேரையும் கேக்காம செய்யமாட்டோம்மா. நாளைக்கு அவங்களுக்குப் பதில் சொல்லோணும். அப்பாகிட்ட நீயே பேசிரு."

சாயங்காலம் கூப்பிடச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள் கோகிலவாணி. துடைக்கும் துணி வாளியிலேயே கிடந்தது.

தேஜோனில் அந்த வீட்டைத் தேடிய நாட்களில் அவளும் கூட இருந்தாள். செல்வியின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறை போதாது என்று, மாடி குறைந்த கட்டடங்களாகப் பார்த்தார்கள். அதை அங்கே 'வில்லா' என்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பு அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, மகள் வில்லாவுக்குக் குடிபோகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள் கோகிலவாணி. போய்ப் பார்த்தால், கீழே தூண்களுக்கு நடுவே கார்கள் நிற்க, மேலே மூன்று அடுக்குச் செங்கல் கட்டடம். குறுகலான படிக்கட்டு. ஊரிலிருந்து சுமந்துபோன பெருமையைப் படிக்கட்டிலேயே இறக்கி வைக்க வேண்டியதாயிற்று.

வீட்டுத் தரகர் காரை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போடுவார். பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். நடுவில் ஒரு சொல் வந்ததும் அந்தப் பக்கத்துக் குரல் தட்டையாகிவிடும். அந்தச் சொல் 'வெளிநாட்டுக்காரர்' என்று செல்வி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கல்யாணமான புதிதில் சந்திரசேகருக்குச் சூரமங்கலத்தில் வேலை. வீடு தேடிப் போன இடங்களில் கதவைப் பாதி திறந்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டவர்களின் குரலும் இப்படித்தான் இறங்கியது. பாஷை தெரியாவிட்டாலும் ராகம் தெரியும்.

கடைசியில் ஒரு வீட்டைக் காட்டச் சம்மதித்தார்கள். மேல் தளம். வீட்டுக்காரம்மா அதற்குக் கீழ்த் தளத்தில் இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், குட்டையாகச் சுருட்டிய முடி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் பெரிய சன்னலைத் திறந்து, பெருமையாக ஏதோ சொன்னார். தெற்கு பார்த்த வீடு என்று செல்வி மொழிபெயர்த்தாள். கோகிலவாணிக்கு முகம் விழுந்துவிட்டது. பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் எமதிசை பார்த்த வீடா? சந்தேகத்துக்குத் தன் போனில் திசைகாட்டியைத் திறந்து, அறை அறையாகச் சன்னலுக்கு நேரே நின்று பார்த்தாள். எந்தச் சன்னலுக்கு நேரே பிடித்தாலும் அது தெற்கு என்றே காட்டியது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

வீட்டுக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் தெற்கு பார்த்த வீட்டுக்குத்தான் மதிப்பு, பனிக்காலத்தில் வெயில் உள்ளே வரும் என்பதெல்லாம் கோகிலவாணிக்குத் தெரியாது. திசை பார்க்கத் தெரிந்த பொம்பளை, நல்ல வீடு என்று தெரிந்துகொண்டே பேரத்துக்காக முகத்தைச் சுளிக்கிறாள் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். தரகரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். வாடகை கொஞ்சம் குறைந்தது. வெளிநாட்டுக்காரர் என்ற பேச்சே எழவில்லை.

"பேசாம இரும்மா. இன்னம் கொஞ்ச நேரம் அப்படியே மூஞ்சிய வெச்சுக்க" என்றாள் செல்வி, காதோடு காதாக.

பால் காய்ச்சிய அன்று வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். பிரித்துப் பார்த்தால் கக்கூசுக்கு வைக்கும் காகித உருளைகள். குடிபோகிறவர்களுக்கு அங்கே அதுதான் சீர். காரியங்கள் சிக்கலில்லாமல் உருண்டோட வேண்டும் என்று கொடுப்பது. அதைக் கொண்டுவந்து குத்துவிளக்குக்குப் பக்கத்திலேயே வைத்தார். எடுத்து அப்பால் வைக்கக் கோகிலவாணி கையை நீட்டினாள். செல்வி கண்ணாலேயே தடுத்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது, பதறி ஓடி அடுப்பை அணைத்தவர் வீட்டுக்காரம்மாதான். பொங்குவதற்காகத்தான் வைத்தது என்று தெரிந்ததும் நெஞ்சில் கைவைத்து நின்றார்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனாலும் மொட்டை மாடியில் அவர் காயவைத்த மிளகாயை இவள் புரட்டிப்போடுவாள். தூறல் விழுந்தால் அவர் படியேறி வருவதற்குள் அள்ளிக் கட்டிவிடுவாள். பதிலுக்கு அவர் பூண்டைக் கொண்டுவந்து உட்காருவார், இருவருமாக உரிப்பார்கள். பேரன் பிறந்ததும் பனிக்காலம் தொடங்கியது. தெருவெல்லாம் உறைந்து கிடக்க, அந்தச் சன்னல் வழியாக வெயில் கூடத்தின் நடு வரைக்கும் வரும். அடியில் பதித்த சுடுதண்ணீர்க் குழாய்களால் தரை கதகதக்கும். பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. தெற்கைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. திரும்பி வந்த பிறகு, மார்கழிக் காலையில் சிமெண்டுத் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் அந்த வீட்டின் நினைப்பு வரும். சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்திரசேகரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வெகுநேரம் பல் குத்திக்கொண்டிருந்தார். நிலத்தில் பங்கு வருமா, மழைக்கு ஒழுகுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அப்புறம், தெற்கு பார்த்த வீட்டைக் காசு கொடுத்து எவனாவது வாங்குவானா என்றார்.

"திசையப் பத்தியாங்க பேசறீங்க?" என்றாள் கோகிலவாணி.

"வேறெதப் பத்தி?"

"அவ வாங்கிட்டான்னா இங்க வரமாட்டா. அதானுங்களே? வாங்காட்டியும் வரமாட்டாளுங்க. வாடகைக்கு வேற ஊடு தேடுவா. மறுக்கா ஒவ்வொருத்தன் கதவா தட்டோணும். சூரமங்கலத்துல நாம தட்டுனாப்பல."

அவர் டிவியைப் போட்டார்.

ஆறு மணிக்குச் செல்வி கூப்பிட்டபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் சத்தத்தை மட்டும் குறைத்தார். அப்பா என்ன சொன்னார் என்று செல்வி கேட்டாள். கோகிலவாணி கணவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வதற்கு வேண்டிய நேரம் கொடுத்துவிட்டுத்தான் அவள் பேசினாள்.

"வாங்கிக்குங்க சாமி. அந்தம்மா மனசு மாறறதுக்குள்ள சொல்லிரு."

அந்தப் பக்கத்தில் செல்வி ஜீவாவைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. பிறகு, பத்திரம் முடிந்ததும் வந்துவிட வேண்டும், டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்றாள் செல்வி. இரண்டு பேருக்கும் போடட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தாள் கோகிலவாணி.

சந்திரசேகர் டிவியை நிறுத்தினார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"போனா, திரும்பி வந்துருவியா அம்மிணி?"

அவள் அவர் குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.