ஜின்செங் வேரும் என் இடுப்புப் படர்தாமரையும்

அந்த வருஷம் முழுக்க எனக்கு உட்கார்ந்தாலும் அரிப்பு, நின்றாலும் அரிப்பு. பேண்ட் இறுக்கும் இடத்தில், இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. புதுச்சேரிப் புழுக்கத்தில் இது யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் நான் சம்பளம் வாங்கியதே பூஞ்சையை ஒழிக்கும் ஆராய்ச்சிக்கு. கல்லூரி ஆய்வகம் ஒன்றில், ஜின்செங் என்கிற கொரியா வேரிலிருந்து பிரித்தெடுத்த சாறு தோல் பூஞ்சையை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் பிறந்து சில மாதமே ஆன மகள் இருந்தாள். அவளைத் தூக்க எனக்கு அனுமதி இல்லை. உத்தரவு போட்டவள் மனைவி.

"உங்களுக்கு நல்லாவட்டும், அப்புறம் தூக்கலாம். பச்ச ஒடம்பு, ஒட்டிக்கும்."

வைத்திக்குப்பத்தை ஒட்டி ஒரே அறையும் சமையலறையுமாக எங்கள் வீடு. அந்தச் சின்ன இடத்தில் பாப்பா அழும்போதெல்லாம் எழுந்து நிற்பேன், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்காருவேன். தூரத்தில் நின்று கிலுகிலுப்பை ஆட்டுவதோடு அப்பா என்கிற என் உத்தியோகம் முடிந்துவிடும். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சொன்னபடி முழுசாக விழுங்கினேன். சிவப்பு மறைந்தது. மனைவியிடம் பெருமையாகக் காட்டலாம் என்று இருந்தபோது, அதே இடத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

ஆத்திரத்தில் ஒரு வேலை செய்தேன். எங்கள் ஆராய்ச்சியை நடத்திய மேடத்திடம் கேட்டு, என் இடுப்பிலிருந்தே செதில் சுரண்டி, கண்ணாடித் தட்டில் வளர்த்தேன்.

"உன் சொந்தப் பூஞ்சையா? நல்லாத்தான் வளத்து வெச்சிருக்க," என்றார் மேடம்.

ஜின்செங் வேரில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் குலுக்கினால் பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும். பூஞ்சையின் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் அது ஓட்டை போட்டுவிடும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. தட்டு முழுக்க என் பூஞ்சையைத் தடவி, வேர்ச்சாற்றில் நனைத்த காகித வில்லை ஒன்றையும், ஒப்பிட்டுப் பார்க்க, சாறு கலக்காத வெறும் கரைப்பானில் நனைத்த வில்லை ஒன்றையும் வைத்தேன். தோல் பூஞ்சை மெதுவாகத்தான் வளரும், காத்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஆகாத காரியம். தட்டு இருந்த சூட்டுப் பெட்டியின் கதவை நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்தேன்.

"அடுப்புல வெச்ச சோறா அது, தொறந்து தொறந்து பாக்குற? சூடு போவுதுல்ல," என்று மேடம் திட்டினார்.

கடைசியில் தட்டு முழுக்க வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்தது. கரைப்பான் வில்லையின் மேலேயே ஏறி வளர்ந்திருந்தது. வேர் வில்லையைச் சுற்றி மட்டும் துடைத்து எடுத்தாற்போல் சுத்தமான வட்டம். வேர் ஜெயித்துவிட்டது என்று துள்ளினேன். குளிர்பெட்டியில் சாறு பாட்டில் பாட்டிலாக இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? கொஞ்சம் எடுத்து இடுப்பில் பூசினால் என்ன என்று மேடத்திடம் கேட்டே விட்டேன்.

"தட்டு வேற, தோலு வேற," என்றார். "மொதல்ல அது செத்துச்சான்னு பாரு. அந்த வட்டத்துக்குள்ளருந்து கொஞ்சம் சுரண்டி, வேர் இல்லாத தட்டுல போடு."

போட்டேன். ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்திலிருந்து எடுத்தது, புதுத் தட்டில் வெள்ளை வெளேரென்று வளர்ந்து நின்றது. வேர் அதைக் கொல்லவில்லை, வளரவிடாமல் அடக்கி மட்டும் வைத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறைஞ்சது வேற, செத்தது வேற," என்றார் மேடம். "நீ போயி டாக்டர பாரு."

கதிர்காமத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு, "ஒழுங்கா சாப்ட்டும் திரும்புதுன்னா வீட்ல வேற யாருக்காச்சும் இருக்கும். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

மனைவி வரமாட்டேன் என்றாள். "எனக்கு ஒண்ணுமில்ல. நா எதுக்கு?" வற்புறுத்தித்தான் ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பாப்பாவை நர்ஸம்மா வாங்கிக்கொண்டார். மனைவி தலையைக் குனிந்தபடி புடவையை இடுப்பில் தளர்த்தினாள். என்னுடையதைவிடப் பெரிய, பழைய, கருத்த வட்டம்.

"எவ்ளோ நாளா?"

"பாப்பா வயித்துல இருக்கும்போதேருந்து."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் சொல்லல? என்ன மட்டும் தொடாதன்னியே?"

அவள் டாக்டரைப் பார்த்தே பதில் சொன்னாள். "சொன்னா ஊர்லருந்து அம்மா வந்து பாப்பாவ எங்கிட்டருந்தும் வாங்கிடுவாங்க. பால் குடுக்க மட்டும் குடுப்பாங்க. நானும் இவரு மாதிரி தூரமா நின்னு பாக்கணும். ஒருத்தராலயே ஒட்டிக்குமோன்னு பயந்துட்டிருந்தேன். ரெண்டு பேரும் தூக்கினா கொழந்த தாங்குமான்னுதான் இவர தடுத்தேன்."

இத்தனை நாள் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவள் பயந்துகொண்டேதான் தூக்கியிருக்கிறாள். பயந்தும் விடவில்லை.

டாக்டரம்மா பாப்பாவின் உடம்பு முழுக்கப் பார்த்தார். ஒரு தடம்கூட இல்லை. பால் கொடுப்பவளுக்கு ஆகிற களிம்பு எழுதினார். துண்டு, துணி தனித்தனியாக இருக்கட்டும், பட்ட இடத்தை மூடிக்கொண்டு, கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு இரண்டு பேரும் தாராளமாகத் தூக்கலாம் என்றார்.

நர்ஸம்மா பாப்பாவை நீட்டினார். மனைவி கையை மடியிலேயே வைத்திருந்தாள். நானும் நீட்டவில்லை.

"யாராச்சும் வாங்குங்கப்பா," என்றார் நர்ஸம்மா. "புள்ள முழிச்சு முழிச்சுப் பாக்குது."

"அவர்ட்ட குடுங்க," என்றாள் மனைவி.