நாலாவது இறக்கை

இரண்டு வருஷங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்து கடல் கொஞ்சம் அடங்கியிருந்த நாட்களில், எண்ணூர் முகத்துவாரத்தில் நடந்தது இது.

ராயபுரத்தில் நானும் என் நண்பனும் சேர்ந்து படகு என்ஜின் கடை வைத்திருக்கிறோம். ஃபைபர் படகுகளின் பின்பக்கம் தொங்குமே, அந்த என்ஜின்களைப் பழுது பார்ப்பது, உதிரி பாகம் விற்பது, இதுதான் தொழில். நண்பன் தண்டையார்பேட்டைக்காரன். கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் 'பாய்'. அவனுக்கு நான் 'மாமு'. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவன் முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டதில்லை. நானும் அப்படித்தான்.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஒரு டாக்டரம்மா வந்தார். கீழ்ப்பாக்கத்தில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் படகு வைத்திருந்தார். நீண்ட மூக்கும் தாழ்ந்த உடம்புமாக, பின்னால் இருநூறு குதிரைத்திறன் என்ஜினோடு, எண்ணூர் கழிமுகத்தில் ஒரு தனியார் படகுத்துறையில் அது நின்றது. அவரே ஓட்டுவார். அதே மாதிரி படகு வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. எப்போதாவது எல்லாரும் சேர்ந்து கடலில் போட்டி போட்டு ஓட்டுவார்களாம்.

"போன தடவை நான்தான் கடைசி. எல்லாரும் போய்ச் சேர்ந்து டீ குடிச்சு முடிச்சப்புறம் போய் நின்னேன். என்ஜின்ல ஒண்ணும் கோளாறு இல்ல, பார்த்துட்டேன். புரொப்பல்லரை மாத்தணும். இருக்கறதுலயே ஸ்பீடானது எது?" என்று கேட்டார்.

புரொப்பல்லர் என்பது தண்ணீருக்குள் சுற்றும் அந்த விசிறிதான். அதில் 'பிட்ச்' என்று ஒரு அளவு உண்டு. ஒரு சுற்று சுற்றினால் படகை எவ்வளவு தூரம் முன்னால் தள்ளும் என்பதன் கணக்கு அது. கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பெரிய பிட்ச் என்றால் மேல் கியர். சமதரையில் பறக்கலாம், ஆனால் பின்னால் ஆளை உட்காரவைத்து மேம்பாலம் ஏற முடியாது. சின்ன பிட்ச் என்றால் கீழ் கியர். இழுவை இருக்கும், உச்ச வேகம் இருக்காது.

கடையில் அவர் என்ஜினுக்குப் பொருந்துவதாக இரண்டு இருந்தன. ஒன்று மூன்று இறக்கை, பெரிய பிட்ச். இன்னொன்று நாலு இறக்கை, கொஞ்சம் சின்ன பிட்ச். நான் நாலு இறக்கையைச் சொன்னேன். வங்காள விரிகுடா ஏரி மாதிரி கிடக்காது, அலையில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள நாலு இறக்கைதான் நல்லது என்பது என் கட்சி.

நண்பன் உடனே பாய்ந்தான். "இன்னா மாமு, அவங்க ஸ்பீடு கேக்குறாங்க, ஸ்பீட குடு. அத்த வுட்டுட்டு மீன் லோடு ஏத்தற போட்டுக்கு சொல்ற மாதிரி சொல்லிகினு கீற?"

வாக்குவாதம் வளர்ந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்தார். "இங்க உட்கார்ந்து சண்டை போட்டா எப்படித் தெரியும்? ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாங்க, கடல்ல பார்த்துடலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். முதலில் மூன்று இறக்கையை மாட்டினோம். முகத்துவாரத்தைத் தாண்டி ஆழக் கடலுக்குப் போனதும் டாக்டரம்மா வேகத்தை முழுசாகக் கொடுத்தார். படகின் மூக்கு மேலே எழும்பியது. கொஞ்ச நேரம் எங்களுக்கு வானத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு மெதுவாக மூக்கு இறங்க, படகு தண்ணீருக்கு மேல் வழுக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் அது படகாகவே இல்லை. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னால் ஓடின. டாக்டரம்மா பள்ளிக்கூடப் பெண் மாதிரி கூவினார். நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்துவிட்டது. கிளம்பும்போது மந்தம், அவ்வளவுதானே என்று தோன்றியது. படகுத்துறைக்குத் திரும்பும்போதே மூன்று இறக்கைதான் என்று முடிவாகிவிட்டது. நான் பையில் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அப்போது டாக்டரம்மா, "எடுத்துட்டு வந்தாச்சு, அதையும் ஒரு தடவை மாட்டிப் பார்த்துடலாமே. இல்லாட்டி மனசுல இருந்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

வீண் வேலை என்றுதான் நண்பன் முணுமுணுத்தான். எனக்கும் வெயிலில் இன்னொரு முறை போக மனமில்லை. ஆனாலும் மாட்டினோம். நட்டைக் கழற்றி, ஒன்றை உருவி, இன்னொன்றைச் செருகி இறுக்க அதிக நேரம் ஆகவில்லை.

இரண்டாம் தடவை கிளம்பி முகத்துவாரத்தை நெருங்கியபோது நண்பன் எழுந்து நின்றான். "மாமு, அங்க பாரு."

மணல் திட்டுப் பக்கம் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. கடலிலிருந்து உள்ளே வரும்போது அலை பக்கவாட்டில் அடித்திருக்க வேண்டும். கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு தலைகள் தெரிந்தன. நாலு பேர். பக்கத்தில் வேறு படகு எதுவும் இல்லை. திட்டின் மேல் அலைகள் உடைந்து வெள்ளை வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தன. அவர்கள் அந்தப் பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா ஏற்கெனவே திருப்பிவிட்டிருந்தார். நண்பன் தயங்கினான். "உள்ள போனா நாமளும் மாட்டிக்குவோம் மேடம். நம்ம போட்டு தாழ்வா கீது. ஒரு அலை ஏறுச்சின்னா முடிஞ்சுது."

"தெரியுது பாய். வேற யார் இருக்கா?"

அவன் தன் இருக்கைக்குக் கீழே இருந்த கயிற்றை எடுத்து என்னிடம் ஒரு முனையைக் கொடுத்தான்.

அலைக்கு முகம் காட்டியபடி படகைக் கொண்டுபோய் அவர்களுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, டாக்டரம்மா என்ஜினை அணைத்துவிட்டார். அணைக்காமல் முடியாது. நீந்தி வருகிறவன் காலை அந்த இரும்பு இறக்கை ஒரு சுற்றில் எடுத்துவிடும். ஆனால் என்ஜின் இல்லாத படகு வெறும் மிதக்கும் பெட்டி. நாங்களும் திட்டை நோக்கி நகரத் தொடங்கினோம்.

கயிற்றை வீசினேன். முதல் ஆள் பிடித்துக்கொண்டான். அவனை ஏற்றும்போதே ஒரு அலை பக்கத்திலிருந்து ஏறி, முழங்கால் வரை படகுக்குள் தண்ணீர். இரண்டாவது ஆளும் ஏறினான். மூன்றாவது ஒரு இளைஞன். ஒரு தோள் இறங்கித் தொங்கியது. அவனைச் சட்டையைப் பிடித்துத்தான் இழுக்க முடிந்தது. வலியில் அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நாலாவது ஆள் வரவில்லை. அவர் அந்த இளைஞனின் அப்பா, படகுக்குச் சொந்தக்காரர். கயிறு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுக்கவில்லை.

"நீங்க போங்க. என் போட்ட வுட்டுட்டு நா எங்க வர்றது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நின்று சொல்வது போலச் சொன்னார்.

மகன் கத்தினான். "யப்பா! வந்துடுப்பா! அது போனா போவுதுப்பா!"

அவர் தலையை ஆட்டினார். நான் அலை உடையும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நண்பன் படகின் ஓரத்தில் மண்டியிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னான். "நைனா, போட்ட நாளைக்கு தேடிக்கலாம். ஒன்ன எங்க போய் தேடறது? புள்ள கை ஒடிஞ்சி கெடக்குது. வா நைனா."

அவர் மகனைப் பார்த்தார். பிறகு ஒரு கையைப் படகிலிருந்து எடுத்தார். மற்றக் கையை எடுக்க இன்னும் கொஞ்சம் நேரமானது. கயிற்றைப் பிடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து உள்ளே போட்டோம்.

"போலாம்!" என்று நான் கத்தினேன். என்ஜின் உடனே கிளம்பியது. ஏழு பேர், உள்ளே தேங்கிய தண்ணீர் வேறு. படகின் பின்பக்கம் கடலில் அமுங்கியிருந்தது. பின்னால் திட்டில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு மணல் நிறம் தெரிந்தது. முன்னால் ஒரு பெரிய அலை எழும்பி வந்தது. அது உடைவதற்குள் அதன் மேல் ஏறித் தாண்டியாக வேண்டும். டாக்டரம்மா முழு வேகத்தையும் கொடுத்தார்.

மூக்கு அதிகம் எழும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தூக்கியது மாதிரி படகு மொத்தமாக உயர்ந்து முன்னால் பாய்ந்தது. அலையின் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தோம். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்றிருந்த இடத்தில் அந்த அலை உடைந்து கவிழ்ந்த படகைத் திட்டின்மேல் தூக்கி வீசிக்கொண்டிருந்தது.

சற்று வெளியே போய், அலைகளுக்கு நடுவில் இடைவெளி பார்த்து, டாக்டரம்மா நிதானமாகக் கழிமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார். கரையில் தன் துப்பட்டாவை எடுத்து அந்த இளைஞனின் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். "நான் பல்லு டாக்டர்தான்பா. எலும்பு பாக்கறவங்ககிட்ட உடனே போயிடு" என்றார். அந்தப் பெரியவர் கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் குப்பத்து ஆட்கள் திட்டிலிருந்து படகை இழுத்து வந்தார்கள். ஒரு பக்கம் உடைந்திருந்தாலும் சரிசெய்யக்கூடிய நிலையில்தான் இருந்தது. உப்புத் தண்ணீர் குடித்த அதன் என்ஜினை நண்பன் கடைக்கு எடுத்துவரச் செய்து, வேறு வேலை எதையும் தொடாமல் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தான்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் டாக்டரம்மா போன் செய்தார். "அன்னிக்கு அந்த மூணு இறக்கை இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அதுலயும் வந்திருப்போம் மேடம்" என்றான் நண்பன். ஆனாலும் போனோம். அலையே இல்லாத கழிமுகத்தில், தண்ணீர் நிரப்பிய கேன்களை அந்த நாலு பேரின் எடைக்குத் தோராயமாக ஏற்றி, மூன்று இறக்கையை மாட்டி, முழு வேகம் கொடுத்தோம்.

மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் அமுங்கியது. என்ஜின் முனகியது, சுற்றும் வேகம் ஏறவே இல்லை. படகு தண்ணீரை உழுதுகொண்டு ஊர்ந்தது. இப்போது எழும்பும், இப்போது எழும்பும் என்று பார்த்துக்கொண்டே கழிமுகத்தின் வளைவு வரை போனோம். எழும்பவில்லை. கடைசியில் நண்பன்தான் கையை நீட்டி என்ஜினை அணைத்தான். அக்கரையில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலு இறக்கையைச் சொன்னவன் நான்தான் என்று பிறகு பலர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அது கூச்சமாக இருக்கும். காரணம், அன்று காலை நானும் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவன்தான். சரியான புரொப்பல்லர் எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதும் பிட்ச், எடை, சுற்று என்று எல்லாக் கணக்கும் சொல்கிறேன். ஆனால் ஏழு பேர் கரையேறியது எங்கள் கணக்கால் இல்லை, எடுத்து வந்ததைச் சும்மா திருப்பிக் கொண்டுபோக மனம் வராத ஒருவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையால்தான் என்பதை, எனக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றுகிற நாட்களில் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.