நீங்கள் முதலில வையுங்கோ

சூசையண்ணை செத்த செய்தியை எனக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. நான் அதை என் காதால் கேட்டேன். எம்மன்புரூக்கேயில் என் வீட்டு அடுப்படியில் நின்று, மனைவியின் தம்பி கண்ணனோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு கையில் ஸ்டியறிங், மறு கையில் நாட்டெலோடு கார் ஓடிக்கொண்டிருந்தான். கைத்தொலைபேசிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். திடீரென்று இடி மாதிரி ஒரு சத்தம், பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம். மஞ்சள் கோடு போட்ட பாதசாரிக் கடவையில் நடந்துபோன சூசையண்ணையை அவன் காரால் அடித்துவிட்டான்.

பொலிசுக்கு எல்லாம் சொன்னேன். அண்ணையின் மனைவி திரேசக்காவுக்குச் சொல்லவில்லை. செத்தவீட்டில் அவர் வந்தவர்கள் எல்லோரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டார்: “ஆராவது கிட்ட நிண்டனீங்களோ? கடைசியில மனுசன் ஏதும் சொன்னவரோ?” என்னிடமும் கேட்டார். “தெரியாதக்கா” என்றேன். அன்றைக்கு அந்தப் பொய் சொன்ன வாயால் இன்றுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும் உங்கள் எல்லோர் முன்னாலும் இதை எழுதுகிறேன்.

ஊரில் மன்னார் ரோட்டில் லொறி ஓடியவர் சூசையண்ணை. இங்கே ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை ஏற்றி இறக்கும் சலவைக் கம்பனி வானில் நாங்கள் இருவரும் ஆறு வருடம் ஒன்றாக ஓடினோம். நல்ல மனிதர்தான்; கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். முதலாளி வானுக்கு நாட்டெல் தந்த கிழமையே நான் அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு பெரிய மனிதர்போல ஓடினேன். வளைவில் எதிரே பால் லொறி. அண்ணை பாய்ந்து ஸ்டியறிங்கை இழுத்தார். வான் தடுப்புக் கம்பியில் கிறீச்சிட்டு உரசி நின்றது. நாட்டெலைப் பறித்து ரோட்டில் எறிந்தார். பின்னால் வந்த பஸ் அதை மாவாக்கியது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “உங்களுக்கென்ன விசரோ?” என்று சேர்ட்டைப் பிடித்தேன். விட்டாரே ஒரு அறை! உதடு கிழிந்து நெஞ்செல்லாம் இரத்தம்.

“ஒருத்தனைக் கொன்றுபோட்டு நிண்டு அழுவியோடா?” என்று கத்தினார். “கை ரெண்டும் ஸ்டியறிங்கில கிடக்கவேணும். கதையெல்லாம் இறங்கினாப் பிறகு!” அடுத்த நாள் என் உதட்டுக்கு மருந்து வாங்கி வந்தவரும் அவர்தான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

வாகனம் ஓடும்போது நாட்டெலைக் கையில் பிடித்தால் தண்டம் என்று சட்டம் வந்ததும், எங்கள் ஆட்கள் மண்டபத்தில் கூடி அதற்குள் ஓட்டை தேடினார்கள். காரில் ஒலிபெருக்கி பூட்டினால் கையில் பிடிக்காமல் கதைக்கலாம், அது குற்றமில்லை என்றார் ஒருவர். அண்ணை மேசையில் ஓங்கிக் குத்தினார். தேத்தண்ணிக் கோப்பைகள் உருண்டன. “கை சும்மா கிடந்தாப் போதுமோ? மூளை ஆரோடை கதைக்குது?” அவர் யாருக்குத் தொலைபேசி எடுத்தாலும் முதற்கேள்வி “ஓடுறீரோ?” என்பதுதான். ஓம் என்றால் படாரென்று வைத்துவிடுவார். முகத்தில் அடித்ததுபோல இருக்கிறது என்று என் மனைவி இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

அண்ணை செத்த அன்று நான் கண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தது, ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு ஆட்டிறைச்சி வாங்கச் சொல்வதற்கு. “ஓடிக்கொண்டிருக்கிறன் அத்தான், பிறகு எடுக்கட்டோ?” என்று அவன் கேட்டான். “ஒரு நிமிஷம்தானடா” என்றவன் நான். இறைச்சிக் கதை உண்மையிலேயே ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் நாங்கள் தொலைபேசி வைக்கிற சீர் உங்களுக்குத் தெரியும்தானே.

“அப்ப வைக்கட்டோ?”

“ஓம், வையுங்கோ அத்தான்.”

“உன்ர அக்கா உன்னைச் சுகம் கேட்டவ.”

“நானும் கேட்டதெண்டு சொல்லுங்கோ. சரி, வையுங்கோ.”

“நீ வையடா.”

“இல்லை அத்தான், நீங்கள் முதலில—”

அத்தான் வைக்குமுன் மச்சான் வைப்பது மரியாதை இல்லை என்று அவனை வளர்த்தது நாங்கள்தான். அந்த மரியாதையோடுதான் கார் கடவையில் ஏறியது. கண்ணனைத் திட்டுகிறவர்கள் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள். அவனாவது கதையை நிறுத்தப் பார்த்தான், நான் விடவில்லை.

திரேசக்கா, இனி உங்களுக்கு மட்டும். நாட்டெல் கண்ணனின் கையிலிருந்து விழுந்தது, ஆனால் லைன் அறவில்லை. அண்ணை முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு தோள்வரை காருக்குள் வந்திருந்தார் என்று பொலிஸ் பிறகு சொன்னது. கண்ணன் “மாதாவே, மாதாவே” என்று கதறிக்கொண்டிருந்தான். அந்தக் கதறலுக்குள்ளே இன்னொரு குரல் கேட்டது. ஆறு வருடம் பக்கத்தில் இருந்து கேட்ட குரல், எனக்குத் தெரியாதா? “இஞ்சரும்” என்றார். அந்தச் சொல்லால் அவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் கூப்பிடுவார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் அக்கா, அதுவும் என்னுடையதல்ல. உங்களுடைய சொல்லை ஒரு மாதமாகக் களவாக வைத்திருந்தேன்.

இரண்டு தரம் கூப்பிட்டார். இரண்டாம் தரம், பதில் சொல்ல வேறு ஒருவரும் இல்லாதபடியால், நான் “ஓம்” என்றேன்.