குளத்துக்கு முதுகு காட்டிய வீடுகள்

வசந்தாமணிக்கு இருபத்திரண்டு வயது நடந்த வருஷம் சிங்காநல்லூர் குளக்கரையில் இருந்த பஞ்சு குடோன்களை இடித்தார்கள். அது தொண்ணூற்று மூன்று. குடோன்களுக்குச் சொந்தமான மில் மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. இடத்தை ஐந்து துண்டாகப் பிரித்து ஐந்து பேர் வாங்கினார்கள். ஐந்திலும் அடுக்குமாடி வரப்போகிறது என்று பேச்சு. அவ்வளவு காலமும் மதிலுக்குப் பின்னால் மறைந்து கிடந்த குளம், மதில் விழுந்த அன்று பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்கும் பட்டது.

வசந்தாமணி பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு இன்ஜினீயர் திருமூர்த்தியின் ஆபீசில் பிளான் வரையும் வேலையில் இருந்தாள். டிரேசிங் தாளில் மை பேனாவால் வரைய வேண்டும். தப்பான கோட்டைப் பிளேடால் சுரண்டினால் மற்றவர்களுக்குத் தாள் கிழியும். அவள் சுரண்டிய இடமே தெரியாது. திருமூர்த்தி அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

குளக்கரையின் முதல் துண்டை வாங்கியவர் நஞ்சப்பன். கருமத்தம்பட்டிப் பக்கம் தோட்டமும் தறிகளும் வைத்திருந்து, பிறகு கட்டட வேலையில் இறங்கியவர். இருபத்து நாலு வீடு, நாலு தளம் என்று சொல்லி வேலையைத் திருமூர்த்தியிடம் கொடுத்தார். திருமூர்த்தி அதை வசந்தாமணியின் மேஜையில் வைத்தார்.

"மொதல்ல நீயே ஒண்ணு போட்டுப் பாரு அம்மணி. அப்பறம் நான் பாக்கறேன்."

அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் வேலை முடிந்து குளக்கரைக்குப் போனாள். ஆனி மாதம். மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தண்ணீர் மேல் ஏறி நேராகக் கரைக்கு வந்தது. சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஓரமாகக் கூழைக்கடாப் பறவைகள் மிதந்தன. வெயில் எத்தனை மணிக்கு எவ்வளவு சாய்கிறது என்றுகூட ஒரு நோட்டில் குறித்துவந்தாள்.

அவள் போட்ட பிளானில் ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறையும் கூடமும் குளத்தைப் பார்த்திருந்தன. மேற்கு வெயில் ஏறாதபடி அகலமான சன்ஷேடு. மாடிப்படிக்குக் காற்று வர ஓட்டை வைத்த சுவர். தளத்துக்குத் தளம் பால்கனி கொஞ்சம் உள்வாங்கிப் போனது. கட்டடம் தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒரு கோட்டையும் மாற்றவில்லை.

நஞ்சப்பன் வந்து பார்த்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"அழகாத்தான் இருக்குதுங்க. ஆனா குளத்துல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? கொசுவும் சாக்கடையுந்தான். ஊடு வாங்க வர்றவன் ரோட்டைப் பாத்துத்தான் வாங்குவான். போன கட்டடத்துல ஆசையா பால்கனி வெச்சுக் குடுத்தேன், அத்தனை பேரும் கிரில் அடிச்சுப் பழைய சாமான் போட்டு வெச்சுட்டாங்க."

"இங்க காத்து நல்லா வருமுங்க," என்றாள் வசந்தாமணி. "குளத்துப் பக்கம் ஜன்னலாச்சும் பெருசா வெக்கலாமுங்க."

"ஃபேன் போட்டுக்குவாங்கம்மா. எல்லாரும் கட்டற மாதிரியே கட்டிப்போடலாம். வித்துட்டா போதும்."

அவள் திருமூர்த்தியைப் பார்த்தாள். அவர் மேஜையில் இருந்த ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே நாளில் புதுப் பிளான் முடிந்தது. கூடமும் படுக்கையறையும் ரோட்டுப் பக்கம். சமையலறையும் குளியலறையும் குளத்துப் பக்கம். அங்கே ஆளுயரத்துக்கு மேல் இரண்டடிக்கு ஒன்றரையடி வெண்டிலேட்டர், அதற்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய்கள். தாளின் மூலையில் வரைந்தவர் பெயர் போட வேண்டிய கட்டத்தில் முழுப் பெயரைப் போடாமல் 'வ.ம.' என்று மட்டும் எழுதினாள். கட்டடத்துக்கு நஞ்சப்பன் வைத்த பெயர் 'அண்ணமார் லேக் வியூ'.

அதோடு முடிந்திருந்தால் அவள் மறந்திருப்பாள். மற்ற நாலு இடக்காரர்களும் அதே பிளானைக் கேட்டு வந்தார்கள். அளவு ஒன்று, பாதை ஒன்று, அனுமதி வாங்குவதும் சுலபம். திருமூர்த்தி மறுக்கவில்லை. நாலு முறையும் அவளேதான் டிரேஸ் எடுத்தாள். சொந்தக்காரர் பெயரை மட்டும் மாற்றினாள். தொண்ணூற்று ஐந்து முடிவதற்குள் கரையில் ஐந்து பெட்டிகள் ஒரே உயரத்தில், ஒரே வெளுத்த மஞ்சளில் வரிசையாக நின்றன. பஸ்ஸிலிருந்து குளம் மறுபடியும் தெரியாமல் போனது. அந்த வழியாகப் போகும்போது அவள் எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள்.

மறுவருஷம் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தார். போத்தனூர் ரயில்வேயில் வேலை, பெயர் மோகன்குமார். நிச்சயம் முடிந்து எல்லாரும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து வெட்கத்தோடு சொன்னார்.

"நமக்குன்னு ஒரு ஃபிளாட் பாத்து வெச்சிருக்கேனுங்க. சிங்காநல்லூர் குளத்துக்கிட்ட. லேக் வியூன்னு பேரு."

"எத்தனாவது மாடிங்க?"

"ரெண்டாவது. வடக்குக் கோடி."

அந்த வீட்டின் சமையலறை ஏழுக்கு எட்டு என்பதும், வெண்டிலேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் அவளுக்கு அந்த நிமிஷமே நினைவுக்கு வந்தன. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். முடியவில்லை.

"அந்த பில்டிங்கை வரைஞ்சதே நான்தானுங்க."

மோகன்குமார் முகம் பூரித்துப்போனது. அவள் எதற்காகச் சொன்னாள் என்பது அவருக்குப் புரியவில்லை. கல்யாணமாகிக் குடிபோன ஒரு வாரத்துக்குள் இருபத்து நாலு வீட்டிலும் சொல்லி முடித்துவிட்டார்: "எங்கூட்டுக்காரிதானுங்க இதுக்குப் பிளான் போட்டது!"

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் குறை சொல்ல வர ஆரம்பித்தார்கள். தாளிக்கிற புகை வெளியே போவதில்லை. குளியலறைச் சுவர் காய்வதே இல்லை. பக்கத்து வீட்டு பாத்திமுத்து அறுபது வயதுக்காரி. வாசலில் நின்று கேட்டாள்.

"ஏங்கண்ணு, நீதான் வரைஞ்சியாமே? பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுட்டு அரிசி பொறுக்கறேன். அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வெக்கோணும்னு உனக்குத் தோணலயா?"

தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். நஞ்சப்பன் பெயரைச் சொல்லியிருக்கலாம். பாத்திமுத்து போன பிறகு வசந்தாமணி சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு, அந்த அரை இருட்டில் பாத்திரம் தேய்க்கும் மேடைமேல் கையூன்றி அழுதாள். சாயங்காலம் வந்த மோகன்குமாரிடம் முதல் பிளானைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய் வெண்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தார்.

"சரிங்க, இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

அந்தக் கேள்வியை அவள் தனக்குள் கேட்டுப் பார்த்ததே இல்லை. மறுநாள் ஆபீசில் பழைய தாளை எடுத்து விரித்தாள். பாரமெல்லாம் பில்லரிலும் பீமிலும் நிற்கிறது. குளத்துப் பக்கச் சுவர் நடுவில் அடைத்த வெறும் செங்கல்தான். குழாய் இல்லாத பக்கமாக நாலடி அகலத்துக்கு ஒரு ஜன்னல் திறக்க இடம் இருந்தது. திருமூர்த்தியிடம் காட்டினாள்.

"வரைஞ்சவ உனக்குத் தெரியாததா? பில்லரைத் தொடாம, மேல செங்கல்லைத் தாங்க லிண்டல் போட்டுப் பண்ணு," என்றார் அவர். பிறகு தாளை மடித்துக்கொண்டே, "அன்னைக்கு நானும் ஒரு வார்த்தை பேசியிருக்கோணும் அம்மணி," என்றார்.

அசோசியேஷன் செயலாளர் தனபால், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடிக் கூட்டத்தில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆளாளுக்குச் செவுத்தை ஒடைச்சா கட்டடம் என்னாகறதுங்க? எலிவேஷனும், அதான் வெளிப்பார்வையும், கெட்டுப்போகும்."

"கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க, இன்ஜினீயர் எழுதிக் குடுத்திருக்காரு," என்று தாளை நீட்டினாள் வசந்தாமணி. "எலிவேஷன்னு சொல்றீங்களே, பின்னாடி கெட்டுப்போறதுக்கு என்னங்க இருக்குது?"

யாரோ சிரித்தார்கள். பாத்திமுத்து எழுந்து நின்றாள்.

"பயமா இருக்குதுன்னா எங்கூட்ல மொதல்ல ஒடைங்க. உளுந்தா என்ற தலைமேல உளுகட்டும்."

கொத்தனார் அப்புசாமி ஒரு சனிக்கிழமை காலையில் உளியோடு வந்தார். மதியத்துக்குள் பாத்திமுத்து வீட்டு அடுப்படிச் சுவரில் நாலடிக்கு மூன்றரையடி ஓட்டை விழுந்தது. வெளிச்சம் எதிர்ச்சுவர்வரை போய் நின்றது. குளம் முழுசாகத் தெரிந்தது. பாத்திமுத்து செங்கல் தூளை மிதித்துக்கொண்டே போய் எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் கூட்டமாக இருந்த கூழைக்கடாக்களைக் காட்டி, "இதுக இத்தனை நாளும் இங்கயேவா இருந்துதுக?" என்று கேட்டாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனி பிறந்ததும் அடித்த காற்றில் பாத்திமுத்துவின் அடுப்பு நிமிஷத்துக்கு ஒருதரம் அணைந்தது. அடுப்பை எதிர் மூலைக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. நஞ்சப்பன் சொன்ன கொசுவும் தவறாமல் வந்தது. வலை அடித்தார்கள். அப்படியும் பாத்திமுத்து, வசந்தாமணி வீடுகளுக்கு அடுத்து மூன்றாவதாக ஜன்னல் கேட்டவர் தனபால்தான். தொண்ணூற்று ஒன்பதில் இருபத்து நாலில் பதினேழு வீட்டுக்கு ஜன்னல் வந்துவிட்டது. ஒருவர் பச்சைக் கதவு போட்டார், ஒருவர் நீலம், சிலர் தகர சன்ஷேடு. கட்டடத்தின் முன்பக்கம் ஆபீஸ் மாதிரி இருக்க, பின்பக்கந்தான் மனிதர்கள் குடியிருக்கிற இடமாகத் தெரிந்தது.

அந்த வருஷம் ஒரு பத்திர விஷயமாக வந்த நஞ்சப்பன், கரைப் பக்கம் நடந்துபோய் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மேலே வந்தார். வசந்தாமணி சமையலறையிலேயே நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். காற்று அவர் துண்டைத் தூக்கியது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குதேம்மா. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனுங்க."

அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்து வேறொரு பக்கம் அவர் தொடங்கிய கட்டடத்தின் பிளான் திருமூர்த்தி ஆபீசுக்கே வந்தது. அதுவும் பெட்டிதான். சமையலறைக்கு மட்டும் நாலடி ஜன்னல் வைக்கச் சொல்லியிருந்தார்.

மோகன்குமாருக்கு அதில் பெரிய சந்தோஷம். வசந்தாமணிக்கு அவ்வளவு இல்லை. நல்ல கட்டடம் வேறு, கெட்டுப்போன கட்டடத்தில் ஒரு நல்ல ஜன்னல் வேறு என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டிய ஐந்து கட்டடங்கள் இனி இந்தக் கரைக்கு வரப்போவதில்லை. அதைக் கணவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அடுத்த கட்டடத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து, தங்கள் சுவரையும் உடைக்கலாமா என்று கேட்டபோது அவள் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அங்க பில்லர் எங்க இருக்குதுன்னு பாக்கோணுமாங்க?" என்று கேட்டாள் ஒருத்தி.

"பாக்க வேண்டியதில்லீங்க," என்றாள் வசந்தாமணி. "உங்க அடுப்பு எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டுங்க."